நள்ளிரவு 12 மணிக்கு அணைந்த கேம்: தென் கொரியாவின் ஷட்டவுன் சட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

பிள்ளை ராத்திரி வெகுநேரம் கேம் ஆடுகிறான் என்றால் வீட்டில் முதலில் தோன்றுவது ஒன்றுதான். வைஃபையை அணை, போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டு. இதையே ஒரு நாடு சட்டமாக்கியது. 2011 நவம்பர் 20 முதல் 2021 டிசம்பர் 31 வரை தென் கொரியாவில் 16 வயது நிரம்பாத எவரும் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை கணினியில் ஆன்லைன் கேம் ஆட முடியாது. ஆட விடும் நிறுவனத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு கோடி வொன் வரை அபராதம். பெயர் ஷட்டவுன் சட்டம். 12 மணி அடித்ததும் எல்லாம் மறைந்துவிடுவதால் சிண்டரெல்லா சட்டம் என்றும் சொன்னார்கள்.

வீடியோ கேம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்தச் சட்டத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். நம் வீடுகளில் நாம் செய்வதை ஒரு அரசாங்கம் பத்தாண்டு செய்து பார்த்தது. என்ன ஆனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. கொரோனா காலத்தில் என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிக் கொடுத்த போன் தலையணைக்கு அடியில் போய்விட்டது. அக்கா அழுதாள், மாமா அடித்தார், நான் பாஸ்வேர்ட் மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பயம் எங்கிருந்து வந்தது

1997 இறுதியில் தென் கொரியாவைப் பொருளாதார நெருக்கடி அடித்தது. வேலை போனவர்களில் பலர் கையில் இருந்த காசைப் போட்டு 'பிசி பாங்' திறந்தார்கள். நம் ஊர் பிரவுசிங் சென்டர் மாதிரிதான், ஆனால் அங்கே போவது கேம் ஆட. 1998இல் ஸ்டார்கிராஃப்ட் என்ற போர் கேம் வந்தது. அதே சமயத்தில் அரசு வேகமான இணையத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. சில ஆண்டுகளுக்குள் கேம் அந்த நாட்டின் விளையாட்டாகவே ஆகிவிட்டது. 2000இல் கேமுக்கென்றே தனி டிவி சேனல் தொடங்கியது. 2004இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த ஸ்டார்கிராஃப்ட் இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் திரண்டதாக இன்றும் சொல்கிறார்கள்.

அப்புறம் சாவுச் செய்திகள் வந்தன. 2002இல் குவாங்ஜு நகரில் 24 வயது இளைஞர் 86 மணி நேரம் தொடர்ந்து ஆடிச் செத்துப்போனார். 2005இல் டேகு நகரில் 28 வயதுக்காரர் ஏறத்தாழ 50 மணி நேரம் ஆடிச் சரிந்தார். 2010 மார்ச்சில் சுவான் நகரத்துத் தம்பதி ஒன்று கைதானது. பிசி பாங்கில் உட்கார்ந்து திரையில் ஒரு கற்பனைக் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள், வீட்டில் அவர்களுடைய 3 மாதக் குழந்தை பாலில்லாமல் இறந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் பூசானில் ஒரு 15 வயதுச் சிறுவன், கேம் ஆடுவதைக் கண்டித்த தாயைக் கொன்றுவிட்டுத் தானும் உயிரை மாய்த்துக்கொண்டான்.

இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் மூன்றிலும் ஆடியவர்கள் பெரியவர்கள். சட்டம் வந்ததோ பிள்ளைகளுக்கு. பெரியவர்களைப் பார்த்துப் பிறந்த பயத்தைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். இந்த ஆய்வில் என்னை முதலில் நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான்.

2004இலேயே பெற்றோர் அமைப்புகளும் சமூக அமைப்புகளும் இரவுத் தடை கேட்டன. 2005இல் முதல் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. கேமை ஏற்றுமதிச் சரக்காகப் பார்த்த பண்பாட்டு அமைச்சகம் ஒரு பக்கம், பிள்ளைகளின் நலம் பார்க்கும் பாலின சமத்துவ, குடும்ப அமைச்சகம் மறுபக்கம். இழுபறி ஓய்ந்து 2011 ஏப்ரல் 29 அன்று நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது.

அந்தப் பிள்ளையின் ஒரு நாள்

இந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கேமை விட்டுவிட்டு 'ஹாக்வான்' என்ற சொல்லைப் பிடிக்க வேண்டும். ஹாக்வான் என்றால் டியூஷன் சென்டர். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேரே அங்கே போவார்கள். கணக்குக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. ராத்திரி எவ்வளவு நேரம் நடத்தினார்கள் என்றால், 10 மணிக்கு மேல் ஹாக்வான் நடத்தக் கூடாது என்று சியோல் நகரம் தனி விதியே போட வேண்டியிருந்தது. நவம்பர் மாதம் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதி வரும்போது, சத்தம் கேட்கக் கூடாதென்று விமானங்களையே நிறுத்திவைக்கும் நாடு அது.

10 மணிக்கு ஹாக்வான் விட்டு, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்தால் மணி 11 தாண்டிவிடும். நண்பர்களும் அப்போதுதான் வீடு திரும்பியிருப்பார்கள். அடுக்குமாடியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் போய் நிற்க ஒரு தெருமுனை கிடையாது, மைதானம் கிடையாது. கேம்தான் அவனுடைய தெருமுனை. அவன் நாளில் யாரும் அட்டவணை போடாத நேரம் 11 மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. சட்டம் 12 மணிக்கு வந்து நின்றது.

நோக்கம் தவறென்று நான் சொல்லமாட்டேன். வளரும் பிள்ளைக்குத் தூக்கம் வேண்டும், கொரியப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தூக்கத்தைக் கெடுத்ததில் படிப்புக்கும் பங்கு உண்டு. நடுராத்திரி மேசையில் உட்கார்ந்து பாடம் படித்தால் அது உழைப்பு, அதே மேசையில் கேம் ஆடினால் நோய் என்று பிரித்தார்கள். பிள்ளைகளுக்கு அது புரியாமலா இருந்திருக்கும்?

வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2014 ஏப்ரலில் 7 நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றும் 2 பேர் செல்லாது என்றும் தீர்ப்பளித்தார்கள். சட்டம் நின்றது.

பூட்டும் சாவியும்

கொரியக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பதிவு எண் உண்டு. கேமில் கணக்குத் தொடங்க அந்த எண் தேவைப்பட்டது. அதை வைத்து வயதைக் கண்டுபிடித்து 12 மணிக்குத் துண்டித்துவிடலாம் என்பது ஏற்பாடு. பிள்ளைகள் அப்பா எண்ணைப் போட்டார்கள், அம்மா எண்ணைப் போட்டார்கள். சில வீடுகளில் பெற்றோரே கொடுத்தார்கள்.

2012 அக்டோபரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் நடக்கவிருந்த ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டிக்கான தகுதிச் சுற்றில் 15 வயதுக் கொரிய வீரர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். உலகத் தரத்து ஆட்டக்காரர். ஐரோப்பாவில் அது மாலை, கொரியாவில் நள்ளிரவு நெருங்கிவிட்டது. 12 அடித்தால் தன் கணக்கு அணைந்துவிடும் என்பது ஆட்டத்தின் நடுவில்தான் அவருக்கு உறைத்தது. அவசர அவசரமாகத் தாக்கி அந்த ஆட்டத்தைத் தோற்றார். நாடே கொண்டாடிய ஒரு திறமையும் நாடே பயந்த ஒரு பழக்கமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. சட்டத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை போன். சட்டம் வந்தபோது மொபைல் கேம்களை 'இப்போதைக்கு வேண்டாம்' என்று ஒதுக்கி வைத்தார்கள். 2012 ஜூலையில் காகாவோடாக் என்ற செய்தி அனுப்பும் செயலி வழியாக அனிபாங் என்ற எளிய கேம் பரவி ஊரையே பிடித்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகளும் மெல்ல மெல்லக் கணினியிலிருந்து போனுக்கு நகர்ந்தார்கள். ஒதுக்கி வைத்ததை நீட்டித்துக்கொண்டே போனார்கள், சட்டம் முடியும் வரை மொபைல் உள்ளே வரவில்லை. வாசல் கதவுக்குப் பெரிய பூட்டு, கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. 2012 ஜூலை முதல், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எந்த நேரத்தில் கேம் வேண்டாம் என்று பெற்றோரோ பிள்ளையோ நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளலாம். இது வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஷட்டவுனை நீக்கிய பிறகு அரசு வைத்துக்கொண்டது இதைத்தான்.

கணக்கு என்ன சொன்னது

கொரியாவில் ஆண்டுதோறும் நடுநிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பெரிய அளவில் உடல்நலக் கணக்கெடுப்பு நடக்கும். 2011 முதல் 2015 வரையிலான அந்தத் தரவை வைத்து, சட்டத்துக்கு உட்பட்ட வயதினரையும் உட்படாத வயதினரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வளரிளம் பருவ மருத்துவ இதழில் வெளிவந்தது. இணையப் பயன்பாடு, இணைய அடிமைத்தனம், தூங்கும் நேரம், எதிலும் நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை என்பது அதன் முடிவு. எந்தத் தூக்கத்துக்காகச் சட்டம் போட்டார்களோ அந்தத் தூக்கம் கூடவில்லை.

சீனா இன்னும் கடுமையாகப் போனது. 2019இல் இரவு 10 முதல் காலை 8 வரை தடை, மற்ற நேரத்திலும் விடுமுறை அல்லாத நாட்களில் ஒன்றரை மணி நேர வரம்பு. 2021 ஆகஸ்ட் இறுதியில் அதையும் இறுக்கி, வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று ஆக்கினார்கள். 2019 விதியின் விளைவை ஒரு சர்வதேச ஆய்வுக் குழு பார்த்தது. 700 கோடி மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஆட்டப் பதிவுகள். அதீதமாக ஆடுவது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2023இல் எழுதினார்கள். அந்தத் தரவு வயது வாரியாகப் பிரிக்கப்படாதது, அதனால் பிள்ளைகளைப் பற்றி மட்டும் அதிலிருந்து உறுதியாகப் பேச முடியாது. ஆனாலும் கொரியக் கணக்கோடு சேர்த்துப் படிக்கும்போது அது கனமாகத்தான் இருக்கிறது.

சட்டம் விழுந்த விதம்

2020 மே 5, கொரியாவின் குழந்தைகள் தினம். கொரோனாவால் பிள்ளைகளை நேரில் அழைக்க முடியவில்லை. அதனால் குடியரசுத் தலைவர் மாளிகையை மைன்கிராஃப்ட் கேமுக்குள் கட்டி, பிள்ளைகளை அதற்குள் அழைத்தது அரசு. கட்டை கட்டையாக வைத்து வீடு கட்டும் அந்தக் கேம் பிள்ளைகளின் கேம் என்று அரசுக்கே தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு ஜூலையில் அதே மைன்கிராஃப்ட் கொரியாவில் 19 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று ஆனது. கேமின் பழைய கணக்குகளை மைக்ரோசாஃப்ட் தன் கணக்குக்கு மாற்றியது. அந்தக் கணக்கு முறையில், கொரியப் பிள்ளைகளை மட்டும் 12 மணிக்குத் துண்டிக்கத் தனி ஏற்பாடு செய்வதற்குப் பதிலாகப் பெரியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்வது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. 12 வயதுக்கு மேல் ஆடலாம் என்று சான்று பெற்ற கேம் பெரியவர்களுக்கானதாகிவிட்டது. எதிர்ப்பு பெருகியது, மாளிகைக்கு மனுக்கள் போயின. 2021 ஆகஸ்ட் 25 அன்று சட்டத்தை நீக்கப் போவதாக அரசு அறிவித்தது. நவம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. 2022 ஜனவரி 1 அன்று ஷட்டவுன் சட்டம் இல்லாமல் போனது.

அதே 2022 ஜனவரி 1 அன்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. அதில் கேமிங் கோளாறு முதல்முறையாக நோயாக இடம்பெற்றது. ஒரே நாளில் ஒரு பக்கம் தடை போகிறது, மறுபக்கம் நோய்க்குப் பெயர் வருகிறது. முரண் மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருத்துவர்கள் கேட்கும் கேள்வி வேறு, சட்டம் கேட்ட கேள்வி வேறு.

மருத்துவர்கள் மூன்றைப் பார்க்கிறார்கள். ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதா? மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு கேம் முதலிடத்துக்கு வந்துவிட்டதா? கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிறதா? இவற்றால் படிப்பு, குடும்பம், நட்பு எல்லாம் கெடும் அளவுக்குப் பொதுவாக 12 மாதம் இருந்தால்தான் நோய் என்கிறார்கள். எத்தனை மணி நேரம் என்ற எண்ணே அதில் இல்லை. எந்த மணியில் என்பதும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஆடும் பிள்ளை நலமாக இருக்கலாம், மாலை 5 மணிக்கு ஆடுபவன் மூழ்கிக்கொண்டிருக்கலாம்.

நேரம் முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 10 முதல் 15 வயது வரையிலான ஏறத்தாழ 5,000 பிள்ளைகளிடம் எடுத்து 2014இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆடியவர்கள் ஆடாதவர்களைவிடச் சற்று நல்ல நிலையிலும், 3 மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் சற்று மோசமான நிலையிலும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் வேறுபாடு மிகச் சிறியது. 2022இல் அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 2,000 பேரிடம் நடந்த ஆய்வில், வாரம் 21 மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் கவனத்தையும் நினைவையும் சோதிக்கும் பயிற்சிகளில் கேமே ஆடாதவர்களைவிட நன்றாகவே செய்தார்கள். கேம்தான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் கேம் ஆடினால் மூளை கெட்டுவிடும் என்று பிள்ளையிடம் அடித்துச் சொல்லும் முன் இதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் பார்க்காமல் விட்ட இடம்

நான் மிகவும் வருத்தப்படுவது இங்கேதான். நாடு முழுவதும் கடிகாரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கேமுக்குள்ளே வேறொன்று வளர்ந்தது. காசு கட்டி ஒரு பெட்டியைத் திறப்பாய், உள்ளே என்ன வரும் என்று தெரியாது. நல்ல ஆயுதம் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். நம் ஊர்த் திருவிழாவில் ரங்கராட்டினத்துக்குப் பக்கத்தில் அட்டை கிழித்துப் பரிசு எடுப்போமே, அதே கதை. ஒரு வேறுபாடு, அந்தக் கடை ஐந்து நாளில் போய்விடும். இது பையிலேயே இருக்கிறது.

மேபிள் ஸ்டோரி 2003இல் நெக்ஸான் நிறுவனம் வெளியிட்ட கேம். கொரியாவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளே அதில் வளர்ந்தார்கள். அதில் 2010இல் 'கியூப்' என்ற பொருள் வந்தது. காசு கொடுத்து வாங்கி உருட்டினால் ஆயுதத்தின் திறன் மாறும். நல்ல திறன் வருவதற்கான வாய்ப்பை நிறுவனம் சொல்லாமல் குறைத்தது, ஆட்டக்காரர்கள் அதிகம் விரும்பிய சில சேர்க்கைகள் வரவே வராதபடி மாற்றியது என்று கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் கண்டறிந்தது. 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் 22 முதல், எந்தப் பொருள் வர எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகப் போட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆண்டுகளைப் பாருங்கள். ஷட்டவுன் 2011இல் வந்தது. வாய்ப்பைச் சொல்லாமல் குறைத்ததும் ஏறக்குறைய அதே காலம். ராத்திரி 12 மணிக்குப் பிள்ளையை வெளியே அனுப்பிய அரசு, மாலை 6 மணிக்கு உள்ளே அவனுக்கு என்ன விற்கிறார்கள் என்று கேட்க 13 ஆண்டு எடுத்துக்கொண்டது.

கொரியா செய்தவற்றில் எனக்கு நம்பிக்கை தருவதும் ஒன்று உண்டு. மூஜூ என்ற மலைப்பகுதியில் 2014இல் அரசு ஒரு முகாமைத் தொடங்கியது. இணையத்திலும் போனிலும் மூழ்கிப்போன பிள்ளைகள் சில நாட்களோ சில வாரங்களோ அங்கே தங்குகிறார்கள். போன் கிடையாது. ஆலோசகர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், குடும்பத்தையும் வரவழைத்துப் பேசுகிறார்கள். சட்டத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை, தொடுவதும் கொஞ்சம் பிள்ளைகளைத்தான். ஆனால் அங்கே பிள்ளையிடம் யாரோ ஒருவர் கேள்வி கேட்கிறார்.

நம் பக்கம்

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எப்போதுமே கூடாது. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே தடை செய்து சட்டம் இயற்றியது. சூதில் கடன்பட்டு எத்தனையோ குடும்பங்கள் அழிந்த பிறகு வந்தவை இவை, நான் வரவேற்கிறேன். ஆனால் நம் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் வேறு வகை. இலவசமாகத் தொடங்கும், பிறகு ஸ்கின் என்று புது உடுப்புக்குக் காசு கேட்கும், டாப் அப் என்று கணக்கில் காசு ஏற்றச் சொல்லும்.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் கேமில் வயதைச் சரிபார்க்க பெற்றோர் போனுக்கு ஓடிபி வரும். அக்காவின் போன் எப்போதும் அவன் கையில்தானே இருந்தது. கொரியாவில் பிள்ளைகள் அப்பாவின் பதிவு எண்ணைப் போட்டார்கள் என்று பிறகு படித்தபோது எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பாஸ்வேர்ட் மாற்றுவதை விட்டுவிட்டு ஒரு ஞாயிறு முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, ஒரு ஆட்டம் முடிய அரை மணி நேரம் ஆகும். "அஞ்சு நிமிஷத்துல வை" என்று நாங்கள் கத்தியபோதெல்லாம் அவனால் வைக்க முடியாது. "மாமா, நடுவுல விட்டா டீம் தோத்துடும், நாளைக்கு என்னைச் சேத்துக்க மாட்டானுங்க" என்றான். நான்கு பேர் ஸ்குவாட். மூன்று பேர் அவன் வகுப்புப் பையன்கள், பள்ளி மூடியதிலிருந்து நேரில் பார்க்காதவர்கள். தினமும் உள்ளே வந்தால்தான் கிடைக்கும் பரிசு ஒன்று, ஒருநாள் விட்டால் வரிசை அறுந்து முதலிலிருந்து தொடங்கும். அதைச் சொல்லும்போது அவன் குரலே மாறியது. ஆட்டத்தைவிட அந்தப் பரிசு வரிசைதான் அவனை அதிகம் பிடித்து வைத்திருந்தது.

மணிக்கணக்கை விட்டுவிட்டு ஆட்டக்கணக்குக்கு மாறினோம். சாயங்காலம் இரண்டு ஆட்டம், அந்த மூன்று பையன்களின் வீட்டிலும் அக்கா பேசி எல்லாருக்கும் ஒரே நேரம். பரிசு வரிசையை அவனே ஒருநாள் அறுத்துக்கொண்டான், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். போன் ராத்திரி கூடத்தில் சார்ஜ் ஏறும், அவன் அப்பாவுடையதும் அங்கேதான். சில மாதத்தில் 11 மணிக்குத் தூக்கம் வந்துவிட்டது. டாப் அப் கேட்பது மட்டும் இன்னும் நின்றபாடில்லை.